ஒரு நாற்காலிக்கு மூன்று பெயர்

எனக்குத் தமிழ் விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. பள்ளியில் கட்டுரைப் போட்டி என்றால் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் எழுதுவார்கள். ஒரே பத்தியில் ஒரு சொல்லை இரண்டு தடவை எழுதமாட்டேன். ஒரு வரியில் அழகு என்றால் அடுத்த வரியில் எழில், அதற்கடுத்து வனப்பு. அதற்குத்தான் மார்க் போட்டார்கள். அந்தப் பழக்கத்தால் ஒரு உயிர் போகப் பார்க்கும் என்று யார் கண்டது?

பெங்களூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். விடியுமுன் எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்பி வந்து இறங்குவேன். எங்கள் கம்பெனி டயாலிசிஸ் மையங்களுக்கு ஒரு செயலி செய்து கொடுக்கிறது. எந்த நோயாளி எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு, எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதை வீட்டிலிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கான உதவிப் புத்தகத்தைத் தமிழில் எழுதுவது என் வேலை. செயலி, புத்தகம், போனுக்குப் போகும் குறுஞ்செய்தி, எல்லாவற்றிலும் தமிழ் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலைதான். அந்த இரண்டாவது வேலையை நான் செய்யவில்லை. கதை முழுக்க அதுதான்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு அறக்கட்டளை நடத்தும் மையம் எங்கள் செயலியை வாங்கியதும் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லைனில் எனக்கு மவுசு ஏறிவிட்டது. காரணம் சௌந்தரராஜன் மாமா. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருப்பவர். உறவில்லை, ஆனால் பிறந்ததிலிருந்து மாமா. அவருடைய மனைவி ஜெயம்மா அத்தைக்கு இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி, காலை ஷிப்டில், நான்காம் நாற்காலி. மாமா கூடவே போய் நான்கு மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும், இந்த போனுக்குள் இருக்கும் தமிழ் எங்கள் லைன் பெண் எழுதியது என்று சொல்லிவிடுவார். பாதி நான் எழுதியதே இல்லை. நானும் மறுத்ததில்லை.

மாமாவைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடும்வரை அவர் டைம் ஆபீசில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். கீழே இறங்குகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பித்தளை டோக்கன். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அது தன் ஆணிக்குத் திரும்ப வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு டோக்கன்தான். ஒரே பெயரில் இரண்டு வெளியே போய்விட்டால் கணக்கில் இல்லாத ஒருவன் கீழே நிற்கிறான் என்று அர்த்தம். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் அந்த ஆணிகளின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். பந்தியில் யாராவது தெரியாமல் இரண்டாவது இலை போட்டாலும், அது இன்னொருத்தருடையது என்று எடுத்து ஓரமாக வைப்பார்.

இரண்டாவது விஷயம் தண்ணீர். டயாலிசிஸ் செய்கிறவர்கள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கக்கூடாது. அத்தைக்கு ஒரு நாளைக்கு இத்தனை என்று அளவு. மாமா ஒரு பாட்டிலில் அதை நிரப்பி வைத்து, ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார். அத்தை குடித்து முடித்ததும் அதே டம்ளரில் தனக்கு ஒன்று. மற்ற நேரத்தில் அவரும் குடிக்கமாட்டார். வெயில் காலத்தில்கூட. ஏன் மாமா இப்படி என்று கேட்டால், தாகமே எடுக்கறதில்லம்மா என்று பொய் சொல்வார்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். வாரத்தில் மூன்று நாள் ஒரே நாற்காலி ஒருவருக்கே இருக்கும்படி வைக்கும் வசதி ஒன்று செயலியில் உண்டு. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே திரையில் அதற்கு ‘தொடர் முறை’ என்று யாரோ பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. காய்ச்சல் மாத்திரை மாதிரி இருந்தது. அதனால் புத்தகத்தில் நான் ‘நிலையான இடம்’ என்று எழுதினேன். குறுஞ்செய்திப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் சிரில் யாரையும் கேட்காமல், அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கட்டும் என்று ‘வார ஒதுக்கீடு’ என்று போட்டுவிட்டான். மூன்றும் ஒன்றுதான். எங்களுக்குத் தெரியும். தெரிந்ததால் அது எங்கள் கண்ணில் உறுத்தவே இல்லை. ஆறு மாதம் முன்பு ஒருநாள் உறுத்தியது. பெயர்ப் பட்டியல் ஒன்று போட்டு எல்லா இடத்திலும் ஒன்றாக்க வேண்டும் என்று நினைத்து, பட்டியலுக்குத் தலைப்பும் எழுதி, அப்படியே விட்டுவிட்டேன்.

மாதம் ஒரு தடவை இடத்தை உறுதிசெய்யக் கேட்கும் செய்தி ராபர்ட்சன்பேட்டை மையத்தில் புதிதாகத் தொடங்கியது; ஒரு புதன்கிழமை மாமாவின் போனுக்கு முதல் செய்தி வந்தது. ‘தங்கள் வார ஒதுக்கீடு தொடர வேண்டுமெனில் 1, வேண்டாமெனில் 2.’ மாமா 2 அழுத்தினார். மறுநாள் காலை ஆட்டோ பிடித்து இருவரும் ராபர்ட்சன்பேட்டை போனபோது நான்காம் நாற்காலியில் வேறொருவர் ஊசி ஏறி உட்கார்ந்திருந்தார். நர்ஸ் லூயிசா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று அதில் இருந்தது. வேறு நாற்காலி காலியில்லை. அவளும் நாலு இடத்துக்குப் போன் போட்டுப் பார்த்தாள், பாவம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அத்தைக்கு முகம் வீங்கி மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. கோலாருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, அங்கே டயாலிசிஸ் செய்த பிறகுதான் மூச்சு அடங்கியது. வேறு இடம் கிடைக்கும்வரை அங்கேயே வந்து செய்துகொள்ளச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். அத்தை கட்டிலில் சாய்ந்திருந்தார். மகன் விநாயக் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். மாமா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். என்னைப் பார்த்து அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. போனை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டினார்.

“நம்மளுதுதான் தொடர் முறைல கீதேம்மா. இது ஒதுக்கீடுன்னு வேற ஒண்ணு வந்துது. நம்ம பேர்ல ரெண்டு கீதுபோலனு நெனச்சேன். ஒரு ஆளுக்கு ரெண்டு எதுக்கு? காத்துனு கீறவங்க யாருக்காவது ஆவட்டும்னு வுட்டுட்டேன்.”

உலகத்தில் வேறு யாராக இருந்தாலும், இலவசமாக இரண்டு இருந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டிருப்பார்கள், தப்பித்திருப்பார்கள். எங்கள் மூன்று பெயர்களையும் வரிக்கு வரி நம்பிப் படித்த ஒரே மனிதர் இவர்தான். நம்பியதற்கு இந்தத் தண்டனை. மாமா அதோடு விடவில்லை. தன்னால் என் கம்பெனிக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று கேட்டார். நான் இவ்வளவு நன்றாக எழுதி வைத்திருந்தும் தனக்குப் புரியாமல் போய்விட்டதாம்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. மவுசு போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன. அதற்குள் விநாயக் என்னை வாசலுக்கு அழைத்து வந்து தன் முடிவைச் சொன்னான்.

“அப்பாவால இனிமே மேனேஜ் பண்ண முடியாது, கயல். ஒரு மெசேஜ் படிச்சு பதில் போடத் தெரியல. அடுத்த ஞாயித்துக்கெழம அம்மாவ நான் இட்டுனு போறேன்.”

அவன் வீடு ஒரே அறை. மனைவி, இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்குத்தான் இடம் இருக்கும், அப்பாவுக்கு இருக்காது. தவிர இங்கே லைன் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் ஒரே மாதத்தில் கூரைத் தகடுகூட மிஞ்சாது, யாராவது இருந்தாக வேண்டும். அதனால் அப்பா இங்கே, அம்மா அங்கே. நாற்பத்தியொரு வருஷம் சேர்ந்திருந்தவர்களை என் எழிலும் வனப்பும் பிரித்துவிட்டன. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை ஆபீசில் ராகேஷிடம் போனேன். செயலியில் என்ன இருக்க வேண்டும், என்ன கூடாது என்று முடிவு செய்பவன். மையத்திலிருந்து புகார் அவனிடம் ஏற்கெனவே வந்திருந்தது. நோயாளி தானே விட்டுக்கொடுத்தார், எங்கள் பக்கம் தவறில்லை என்று எழுதி மூடிவிட்டிருந்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் கத்தினால் காரியம் ஆகாது என்று, தமிழ் படிக்க வராத அவனுக்காக மூன்று பெயர்களையும் இங்கிலீஷில் மாற்றி ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அவன் முன்னால் வைத்தேன். இதில் எத்தனை வசதி இருக்கிறது என்று சொல் என்றேன். ராகேஷ் தாளைப் பார்த்தான். முதலாவது தெரியும் என்றான். மூன்றாவது கர்நாடகத்துக்கு மட்டும் செய்ததா என்று கேட்டான். இரண்டாவது, போன வருஷம் வேண்டாம் என்று தூக்கிவிட்டோமே அதுவா என்றான்.

“மூணும் ஒண்ணுதான், ராகேஷ். அத உருவாக்குனவன் நீ. ஒனக்கே தெரியல, டோக்கன் குடுத்துனு இருந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்?”

அவன் மூடியதைத் திறந்து, தவறு எங்களுடையது என்று மாற்றி எழுதினான். பெயரை மாற்ற இரண்டு வாரம் கொடுத்தான். நல்லவன்தான், கொஞ்சம் சூடு வைக்க வேண்டும்.

எந்தப் பெயரை வைப்பது? உண்மையைச் சொல்கிறேன், அப்போதுகூட ‘நிலையான இடம்’ ஜெயிக்க வேண்டும் என்று மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டது. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ராபர்ட்சன்பேட்டை மையத்துக்குப் போனேன். காலை ஷிப்ட் நடந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் தொடர் முறை என்றும் சொல்லவில்லை, என்னுடையதையும் சொல்லவில்லை. நம்ம நாற்காலி, அவர் நாற்காலி என்றுதான் பேசினார்கள். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் சுவரில் பெயிண்டில் ‘நாற்காலி 1’, ‘நாற்காலி 2’ என்று எழுதியே இருந்தது. மையம் திறந்த நாளிலிருந்து இருக்கிறதாம். நாங்கள் மூன்று பேர் மூன்று பெயர் யோசித்த காலமெல்லாம் அது அந்தச் சுவரில் இருந்திருக்கிறது.

நான்காம் நாற்காலியில் இருந்தவர் ஏசுபாதம், ஊரிகத்துக்காரர். மூன்று மாதமாக ஒரு இடத்துக்குக் காத்திருந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. தவறு நடந்துவிட்டதால் அவரை மாற்றிவிட்டு ஜெயம்மாவுக்கே நான்காவதைத் திருப்பித் தருவதாக லூயிசா மாமாவிடம் சொல்லியிருந்தாளாம். மாமா ஒரேயடியாக மறுத்துவிட்டாராம். ஏறி உட்கார்ந்த மனிதரை எழுப்பக்கூடாது என்றாராம். நல்ல வேளையாக இரண்டாம் ஷிப்டில் ஒருவர் ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோகிறார், ஆறாம் நாற்காலி காலியாகிறது. ஜெயம்மா இங்கேயே இருப்பதாக இருந்தால் அது அவருக்குத்தான், ஆனால் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றாள் லூயிசா.

மறுநாள் ஞாயிறு. நான் போனபோது அத்தையின் துணிப்பை கட்டிப் பாயின் மேல் இருந்தது. மாமா மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைதான் ரப்பர் பேண்டைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

“விநாயக் அண்ணா, மாமா எதையும் தப்பாப் படிக்கல. ஒரு நாற்காலிக்கு நாங்க மூணு பேரு வெச்சோம். அதுல ஒண்ணு நான் வெச்சது. தப்புன்னு தெரிஞ்சும் ஆறு மாசம் அப்பிடியே வுட்டு வெச்சேன்.”

புத்தகத்தையும் திரையையும் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். என் அழகான இரண்டு சொல்லை விரலால் தொட்டுக் காட்டும்போது கூசியது. விநாயக் மூன்றையும் படித்தான். முகம் சிவந்தது.

“எங்கம்மா செத்துப்போயிருந்தா?” என்று கேட்டான்.

மன்னிப்புக் கேட்டேன், அது அந்த அறையில் ரொம்பச் சின்னதாக இருந்தது. மாமாதான் நடுவில் வந்தார். சின்னப் பெண், ரயிலில் போய் வந்து எத்தனை வேலைதான் பார்ப்பாள் என்று எனக்காகப் பேசினார். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. இனி எல்லா இடத்திலும் ஒரே பெயர்தான் இருக்கும், மாமாவைவிட ஒழுங்காகப் படிக்கிறவர் அந்த மையத்தில் யாரும் இல்லை, ஆறாம் நாற்காலி காத்திருக்கிறது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். விநாயக் தலையை ஆட்டவில்லை. அவன் பயம் அவனுக்கு. அம்மா மூச்சுக்குத் தவித்ததை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

அப்போதுதான் அத்தை பேசினார். அதுவரை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் மெல்லத் திரும்பினார்.

“இன்னொருத்தருக்கு ஆவட்டும்னு வுட்ட மனுசன்டா அவரு. புத்தி கெட்டு வுடல. நான் தண்ணி குடிச்சாத்தான் அவரு தண்ணி குடிக்கிறாரு. என்ன நீ இட்டுனு போயிட்டா, இவரு எப்பத் தண்ணி குடிப்பாரு?”

விநாயக்குக்கு அது தெரியாது போலிருக்கிறது. அப்பாவைப் பார்த்தான். மாமா, தாகமே எடுக்கறதில்லடா என்று அதே பொய்யைச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். விநாயக் பாய்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் துணிப்பையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை அவிழ்த்தான். ஒவ்வொரு சேலையாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினான். செய்தி வந்தால் தனக்கும் ஒரு பிரதி வரும்படி செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்டான். செய்கிறேன் அண்ணா என்றேன். நான் வெளியே வந்து பைப்படியில் முகம் கழுவிக்கொண்டு ஓவென்று அழுதேன். யார் பார்த்தால் என்ன.

அடுத்த இரண்டு வாரம் நான் வேறு எதையும் செய்யவில்லை. ரயிலில் உட்கார்ந்து பட்டியலை முடித்தேன். தலைப்பு எழுதி விட்டிருந்த அதே பட்டியல்தான். இந்த வசதிக்கு இதுதான் பெயர், இதற்கு வேறு சொல் கிடையாது, அழகாகத் தோன்றினாலும் கிடையாது என்று மேலே எழுதினேன், எனக்காகவே. திரையில் பதினேழு இடம். புத்தகத்தில் எண்ணிக்கை வெளியே சொல்ல வெட்கம், அத்தனை இடத்தில் அத்தனை விதமாக எழுதியிருந்தேன். ஒரு பக்கத்தில் ‘தங்களுக்குரிய இருக்கை’ என்றுகூட இருந்தது, நான்காவது பெயர். சிரில் தன் பங்கை ஒரே நாளில் மாற்றிவிட்டு, போன் செய்தால் பேசும் குரலிலும் பழைய பெயர் இருக்கிறது என்று அவனாகவே கண்டுபிடித்துச் சொன்னான். எல்லாம் முடிந்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது புத்தகம் முழுக்க ‘உங்கள் நாற்காலி, உங்கள் நாற்காலி’ என்றே இருந்தது. என் பழைய பள்ளிக்கூடமாக இருந்தால் பூஜ்யம் போட்டிருப்பார்கள்.

அடுத்த மாதச் செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. சிரிலிடம் கேட்டு நாளைத் தெரிந்து வைத்திருந்ததால், சும்மா போகிற மாதிரி அவர்கள் வாசலுக்குப் போனேன். மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் புதுப் புத்தகம் விரித்துக் கிடந்தது, மறுபக்கம் போன். திரையைத் திறந்து பார்த்தார். செய்தியைப் பார்த்தார். புத்தகத்தில் விரலை வைத்தார். மறுபடி முதலிலிருந்து. அத்தை கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாமா 1 அழுத்தினார்.

உடனே போனை எடுத்து யாருக்கோ பேசினார். குரலை உயர்த்தி, நிறுத்தி நிறுத்தி, ஷிப்டுக்குப் பெயர் கூப்பிடுகிற மாதிரி.

“ஏசுபாதம் அண்ணே, மெசேஜ் வந்துதா? படிக்க ஆள் இல்லன்னா பரவாயில்ல, கேளுங்க. அதுல உங்கள் நாற்காலின்னு கீது. புக்குலயும் உங்கள் நாற்காலிதான். போனத் தொறந்தாலும் உங்கள் நாற்காலிதான். எல்லாம் ஒண்ணுதான், ஒங்களுது. வுட்டுராதீங்க. ஒண்ண அமுக்குங்க.”

அந்தப் பக்கம் அமுக்கியாகிவிட்டது என்று உறுதியாகத் தெரியும்வரை காத்திருந்தார். பிறகு போனை வைத்துவிட்டு, பாட்டிலை எடுத்துச் சின்ன டம்ளரில் ஊற்றி அத்தையிடம் கொடுத்தார். அத்தை குடித்து முடித்து டம்ளரை நீட்டினார். மாமா தனக்கு ஊற்றிக் குடித்தார்.